பெயருக்கு எட்டு இலட்சம் கொடுக்க எங்களால் முடியாது



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் வாசிக்காமலே கீழே வந்து "விட்ஸ்தான் பெஸ்ட்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அப்படிச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கட தங்கச்சிக்கு ஒரு கார் எடுத்தோம். அவ்வளவுதான் விஷயம். அதற்காக எங்கட குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் மூன்று கிழமை சண்டை. புத்தளத்தில் இருந்து பெரியப்பாட பிள்ளைகள், கத்தாரில் இருந்து மச்சான், வவுனியாவில் இருந்து மாமாட மருமகன் என்று பதினொரு ஆம்பிளைகள் கருத்துச் சொன்னார்கள். ஓட்டப் போகிறவள் ஒருத்தி. அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் கிழமை நாங்களும் கேட்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

தங்கச்சி நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். வீடு நீராவிப்பிட்டியில். இவ்வளவு நாளும் ஸ்கூட்டியில்தான் போய் வந்தாள். உம்மாவுக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் ஒரு கிளினிக், வவுனியா ஆஸ்பத்திரியில் இன்னொரு கிளினிக். வவுனியாவுக்குப் போகிற நாளில் விடிய நாலு மணிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணி வரைக்கும் எந்த நேரத்தில் யானை நிற்கும் என்று சொல்ல முடியாத பாதை அது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஆட்டோ நடுவழியில் நின்று, உம்மா முழங்கால் வலியோடு ஒரு மணித்தியாலம் ரோட்டோரக் கட்டில் இருந்தா. அன்றைக்குத்தான் மச்சான் கத்தாரில் இருந்து "காரொன்று எடுங்கோ" என்றார். ஏழு வருசம் சேர்த்த காசு, தங்கச்சி விற்ற இரண்டு சோடி காப்பு, எங்கட பங்காகக் கொஞ்சம். வேறு ஒன்றுமில்லை.

புதுக்காரைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். வரியோடு கணக்குப் பார்த்தால் இரண்டு ஆசிரியர் சம்பளக்காரர்கள் எட்டிப் பார்க்கவும் முடியாத விலை. அந்த ஐந்து வருசப் பூட்டில் பழைய காரெல்லாம் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருசம் ஓடிய காரை, அதை முதல் வாங்கியவர் கொடுத்த காசைவிடக் கூடக் கொடுத்து வாங்குகிற நாடு எங்கட நாடு. இதை நாங்கள் எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, "நல்ல விலைக்குக் கிடைச்சது" என்று சந்தோசப்படவும் பழகிவிட்டோம்.

கடைசியில் கைக்கு எட்டியது இரண்டு.

ஒன்று, வவுனியாவில் ஒரு கார் சேலில் நின்ற டொயோட்டா விட்ஸ். கேஎஸ்பி 90 பொடி, 2008. வெள்ளை. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மீற்றர் 78,000. மற்றது, கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற ஓர் அரச உத்தியோகத்தர் வைத்திருந்த டொயோட்டா பாஸோ. கேஜிசி 10 பொடி, 2007. கூரையில் பெயின்ற் மங்கிப்போன சாம்பல் நிறம், இடது கதவில் ஒரு நெளிவு. மீற்றர் 1,46,000. இரண்டும் பெற்றோல், இரண்டும் ஓட்டோ. விலையில் வித்தியாசம் எட்டு இலட்சம்.

குறூப்பில் பதினொரு பேரில் பத்துப் பேர் விட்ஸ். காரணம் கேட்டால் ஒரே வசனம்: "விட்ஸ் எண்டா விட்ஸ்தான்."

சரி, விட்ஸ் என்றால் என்ன? இந்த இரண்டு காரின் பொனற்றையும் திறந்து பாருங்கள். இரண்டுக்குள்ளும் இருப்பது 1கேஆர்-எஃப்ஈ என்ற ஒரே எஞ்சின். 996 சீசீ, மூன்று சிலிண்டர், 71 குதிரைவலு, பெல்ற் இல்லாமல் செயினில் ஓடுவது. பொடி இலக்கத்தின் முதல் எழுத்து "கே" இரண்டிலும் இருப்பதும் அந்த எஞ்சினால்தான். அந்த எஞ்சினைச் செய்தது டைஹட்சு. 1998 இலேயே டைஹட்சுவின் பெரும்பங்கு டொயோட்டாவின் கைக்குப் போய், 2016 இல் முழுதாகவே போய்விட்டது. பாஸோவையும் டைஹட்சுதான் கட்டியது, தன்ட பெயரில் பூன் என்று விற்றது. ஆக, "விட்ஸ் அசல் டொயோட்டா, பாஸோ டைஹட்சு" என்று குறூப்பில் எழுதின தம்பிக்குச் சொல்கிறோம்: நீங்கள் புகழுகிற விட்ஸின் இருதயமும் டைஹட்சுதான்.

முள்ளியவளைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற அண்ணன் ஒருவரை இரண்டு காரையும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு வரியில் முடித்தார்: "சேர், ரண்டுக்கும் இருதயம் ஒண்டு. சட்டைதான் வேற."

(பெயர்க் கதை வந்ததால் ஒரு பகிடி. விட்ஸ் என்ற பெயர் ஜேர்மன் சொல் ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தச் சொல்லுக்குச் சாதுரியம் என்றும் பகிடி என்றும் பொருள். வெளிநாடுகளில் இதையே யாரிஸ் என்று விற்றார்கள். பாஸோ இத்தாலியச் சொல், காலடி என்று அர்த்தம். பகிடிக்கு எட்டு இலட்சம் கூட.)

இனி அந்த 78,000. 2008 இல் வந்த கார், இன்றைக்குப் பதினெட்டு வருசம். பிரித்துப் பாருங்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. எங்கட ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யக்கூடிய கணக்கு. அப்படி ஓடிய கார் இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டோம். கொழும்பில் ஒரு ஓய்வுபெற்ற டொக்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடியிருக்கலாம். (எல்லாக் கார் சேலிலும் அந்த டொக்டர்தான் முந்தின சொந்தக்காரர் என்பது வேறு கதை.) ஆனால் பிரேக் பெடலின் றப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. ஸ்டியறிங்கில் கை பிடிக்கிற இடம் வழுக்குகிறது. ட்ரைவர் சீற்றின் வெளி விளிம்பு உள்ளே இறங்கியிருக்கிறது. மீற்றரைத் திருப்பலாம், பெடலைத் திருப்ப முடியாது. அண்ணன் அதைக் காட்டியபோது சேல் தம்பி "அது பழைய றப்பர் சேர், மாத்தித் தாறம்" என்றார். அவர் மாற்றித் தரச் சொன்ன ஒரே சாமான் அந்தச் சாட்சிதான்.

இன்னொன்றும் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாட்டில் பல இடங்கள் தண்ணிக்குள் போனது உங்களுக்கு மறந்திருக்காது. தண்ணிக்குள் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போயின? ஒரு பகுதியைக் கழுவி, மணம் அடித்து, நிறம் பூசி, தூர ஊரில் விற்பார்கள். வன்னி அப்படியான தூர ஊர். பார்க்கிற முறை இலேசானது. சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மறைந்திருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். காலடி விரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். சீற்றை இறுக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விட்ஸில் சேற்றுக் கோடு இருக்கவில்லை. நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சீற் போல்ட் புத்தம் புதுசு. பதினெட்டு வருசக் காரில் சீற் போல்ட்டை யார், எதற்கு மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது, நின்று கிளம்பும்போது ஒரு நடுக்கம். விட்ஸில் இருப்பது சீவிரி கியர். நல்லதுதான், பெற்றோலும் குறையும், ஆனால் அதற்குரிய ஒயிலை உரிய நேரத்தில் மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் இந்த நடுக்கத்தில் தொடங்கி, ஒரு நாள் நெடுங்கேணிக் காட்டுக்குள் நிற்கும். பாஸோவில் பழைய நான்கு கியர் ஓட்டோ. கொஞ்சம் பெற்றோல் கூடக் குடிக்கும், மேட்டில் சத்தம் போடும். ஆனால் எங்கட ஊர்க் கராஜில் கையால் பிரித்துப் பழகிய சாமான் அது.

புத்தகமும் அப்படித்தான். விட்ஸின் புக் சேல்காரரின் பெயரிலும் இல்லை, அவருக்கு விற்றவரின் பெயரிலும் இல்லை. "ஓப்பின் பேப்பர் சேர், பிரச்சினையில்ல." திகதி போடாமல் யாரோ கையெழுத்து வைத்த தாள் பிரச்சினை இல்லை என்றால், பிறகு எது பிரச்சினை? பாஸோக்காரர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். புக் அவரின் பெயரில். உள்ளே ஒன்பது வருச சேர்விஸ் பில், எமிஷன் ரிப்போர்ட், பற்றரி வாங்கின துண்டு வரைக்கும் திகதி வாரியாக. 1,46,000 என்ற அந்த மீற்றரை நாங்கள் நம்பினோம். நம்பச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

இதையெல்லாம் குறூப்பில் போட்டோம். பதில் என்ன தெரியுமா? "எல்லாம் சரி, ஆனா ரீசேல் வெலியூ?"

இந்த ரீசேல் வெலியூ என்ற நோய்க்கு எதிராகத்தான் எங்கட முழுக் கோபமும். கார் வாங்குகிற நாளிலேயே அதை விற்கிற நாளை நினைத்துக்கொண்டு வாங்குகிற சமூகமாக நாங்கள் எப்போது மாறினோம்? தங்கச்சி காரை விற்க வாங்கவில்லை, உம்மாவை ஏற்ற வாங்குகிறாள். பத்து வருசம் ஓடப்போகிற காருக்கு, பத்து வருசம் கழித்து வரப்போகிற யாரோ ஒரு வாங்குபவனின் ஆசையை நினைத்து இன்றைக்கே எட்டு இலட்சம் கட்டச் சொல்கிறீர்கள். இறக்குமதி திறந்துவிட்ட பிறகு அந்த எட்டு இலட்சம் அப்படியே திரும்பி வரும் என்று உங்களில் யார் எழுதித் தருவீர்கள்? ஒருவர் எழுதித் தரட்டும், நாங்கள் விட்ஸ் எடுக்கிறோம் என்று சொன்னோம். குறூப் இரண்டு நாள் அமைதியாக இருந்தது.

பிறகு வந்தது லீசிங். "எட்டு இலட்சத்துக்குத்தானே, லீசிங் போடுங்கோ." மாதம் 24,000 படி நான்கு வருசம் என்று சேலிலேயே கணக்கு எழுதித் தந்தார்கள். 48 மாதம், 11,52,000 ரூபா. எட்டு இலட்சத்துக்கு மூன்றரை இலட்சம் கூட. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, செருப்பைப் போட முதலே லீசிங் எடுக்கச் சொல்கிற சொந்தங்களுக்கு நாங்கள் என்ன சொல்வது? உயிர் போகிற தேவை என்றால் அதைப் பற்றி உலமாக்களிடம் கேட்கலாம். இங்கே தேவை பாஸோவோடு முடிந்துவிட்டது. மிச்சம் எட்டு இலட்சம் பெயருக்கு. பெயருக்காக வட்டி.

இன்னொரு தம்பி பெரிய ஆயுதத்தோடு வந்தார். 2023 டிசம்பரில் டைஹட்சுவின் பாதுகாப்புப் பரிசோதனை மோசடி வெளிவந்த செய்தியைப் போட்டார். அது பொய்யில்லை. 64 மாடல்கள் சம்பந்தப்பட்ட, மிகக் கேவலமான விஷயம். அதை மூடி மறைக்க மாட்டோம். ஆனால் ஆறு மாதம் கழித்து, 2024 ஜூனில், டொயோட்டாவே தன்ட சில மாடல்களின் சான்றிதழ்ப் பரிசோதனையில் ஒழுங்கீனம் நடந்தது என்று மன்னிப்புக் கேட்டதே, அந்தச் செய்தி உங்களுக்கு வரவில்லையா தம்பி? பெயர் காப்பாற்றாது என்பதற்குத்தான் இரண்டு செய்தியும் சாட்சி.

கடைசியாகப் புத்தளத்திலிருந்து ஒரு குரல் பதிவு. அதுதான் எங்களைச் சுட்டது. "திரும்பிப் போன நாங்க கஷ்டத்தில இருக்கம் எண்டு ஊரில காட்ட வேணாம். நல்லதா ஒண்டு எடுங்க."

இந்த வலி எங்களுக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபரில் வாப்பா இந்த மண்ணை விட்டுப் போனபோது ஹம்பர் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டுத்தான் போனார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருபது வருசம் அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் கதைத்தார், வீட்டைப் பற்றி அல்ல. திரும்பி வந்து ஹிஜ்ராபுரத்திலும் நீராவிப்பிட்டியிலும் காடு வெட்டிக் குடியிருந்தவர்களுக்கு, வாசலில் ஒரு நல்ல வாகனம் நிற்பது என்ன என்று விளங்கும். ஆனால் யாருக்குக் காட்டப் போகிறோம்? பக்கத்து வளவுக்காரர் 2009 இல் தன்ட ட்ரக்டரையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு உயிரோடு வட்டுவாகல் பாலம் கடந்தவர். அந்தப் பக்கம் மலை மலையாகத் துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களை நாங்கள் திரும்பி வந்த புதிதில் எல்லாரும் பார்த்தோம். அதற்குள் எது நல்ல பெயர், எது கெட்ட பெயர் என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா? இந்த ஊரில் காரைக் காட்டிப் பெருமை எடுக்க ஆளில்லை உறவுகளே. இருப்பதாக நினைப்பது புத்தளத்திலும் கத்தாரிலும் இருக்கிற நாங்கள்தான்.

எங்கட பாடசாலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வராது. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் குழாயால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். புகையும் மணமும் ஊரெல்லாம் தெரியுமாம். "அப்ப எங்களுக்கு நல்ல கார் எண்டா, நம்மட பாஸ் திருத்தக்கூடிய கார். வேற அளவுகோல் இருக்கேல்ல" என்றார். 2022 இல் எங்களுக்கும் அதில் ஒரு துளி கிடைத்தது. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. கியூஆர் வந்த பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வரிசையில் விட்ஸுக்கு ஒரு சொட்டுக் கூடக் கொடுக்கவில்லை.

பாஸோவில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விட்ஸைவிடப் பதினைந்து சென்ரிமீற்றர் குட்டை. டிக்கிக்குள் ஒரு அரிசி மூட்டை வைத்தால் முடிந்தது. தகடு மெல்லிசு, ஏ-9 இல் பஸ் ஒன்று கடந்து போனால் ஒரு ஆட்டு ஆட்டும். பின்னால் மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவர் சண்டை பிடிப்பார். பெரிய குடும்பத்தோடு அடிக்கடி கொழும்பு போகிறவர்களுக்கு நாங்களே விட்ஸைத்தான் சொல்வோம், புக்கும் மீற்றரும் ஒழுங்காக இருக்கிற விட்ஸை.

இரண்டாவது கிழமைதான் தங்கச்சியிடம் கேட்டோம். "உனக்கு எது வேணும்?" அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானா, பாஸோவில முன்னுக்கு நடுவில கியர்க் கம்பு இல்ல. சீற் அகலம். உம்மா காலை நீட்டி இருக்கலாம்" என்றாள். எஞ்சின் இலக்கம், பொடி இலக்கம், ரீசேல் என்று பதினொரு ஆம்பிளைகள் கத்தியதில், எங்களையும் சேர்த்து, ஒருவருக்கும் உம்மாவின் முழங்கால் ஞாபகம் வரவில்லை. அவள் இரண்டு காரிலும் ஒருக்கா ஏறி இருந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "பாஸோ பொம்பிளைகளின் கார்" என்று ஒருவர் இளக்காரமாக எழுதியிருந்தார். ஓம், ஒரு பொம்பிளை ஓட்டுகிறாள், இன்னொரு பொம்பிளை பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறா. அது பொம்பிளைகளின் கார்தான்.

போன கிழமை பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டோம். முதல் வவுனியாப் பயணமும் முடிந்தது. விடிய நாலு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்கு வெளிக்கிட்டார்கள். புளியங்குளத்தில் தேத்தண்ணி குடித்த படத்தைத் தங்கச்சி குறூப்பில் போட்டாள். பதினொரு பேரில் நாலு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். மச்சான் இன்னும் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை, ஆனால் கழுவிப்போட்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

மிச்சக் காசில் கிழிந்த அக்ஸில் பூட்டை மாற்றியாகிவிட்டது. பின் ஷொக் இரண்டும் மாற்ற வேண்டும், ஏசியிலும் ஒரு சத்தம் இருக்கிறது. கேஜிசி 10 க்கு நல்ல ஷொக் வவுனியாவில் எங்கே எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஜப்பான் கழற்றினதாக இருந்தாலும் பரவாயில்லை, விலையையும் சேர்த்துப் போடுங்கள்.